விநாடிக்கு 21 நோட்டு... மேட்டர் விரல்ல மட்டும் இல்ல பாஸ்!

சர்ச் கொயர், லைட் மியூசிக் ட்ரூப், கல்யாண ரிசப்ஷன், கானா கச்சேரி... ராயபுரத்துல ஆரம்பிச்சு திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கீபோர்டுக்கு வேலை இல்லாத வாரமே கிடையாது. கீபோர்டைத் தொட்டுப் பார்த்த எல்லோருக்கும் ஒரே ஆசைதான்... ஸ்பீடு! அதே எல்லோரும் கொஞ்ச மாசத்துல ஒரு சுவர்ல போய் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. விரல் பின்னிக்குது, நோட்டு சறுக்குது, மணிக்கட்டு கடுக்குது. 'நமக்கு இவ்ளோதான் போல'னு கீபோர்டை உறையில போட்டு பீரோ மேல ஏத்திடுறாங்க. அவசரப்படாதீங்க மக்களே... அந்தச் சுவருக்குப் பின்னாடி கொஞ்சம் உடற்கூறு, கொஞ்சம் இயற்பியல், நிறைய பொறுமை இருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்!

நம்ம ஊர் பையனின் கணக்கு

2019 மார்ச். அமெரிக்காவின் சி.பி.எஸ். சேனலில் 'தி வேர்ல்டு'ஸ் பெஸ்ட்' நிகழ்ச்சியின் ஃபைனல். பரிசு 10 லட்சம் டாலர். ஜெயிச்சது சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம். வயசு அப்போ 13. ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் ஆரம்பித்த கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் படித்தவர்.

அந்த மேடையில் அவர் வாசித்து உலகத்தையே வாய் பிளக்க வைத்த ஐட்டம், ரஷ்யாவின் ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதிய 'ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ'. 1900-ல் மேடையேறிய ஒரு ஆபராவில் வரும் குட்டிப் பகுதி இது. ஒரு வண்டு விர்ருனு சுத்தி சுத்திப் பறக்கும். லிடியன் முதலில் அதை மெட்ரோனோமில் 208 வைத்து வாசித்தார். அப்புறம் அசால்ட்டாக 325-க்கு ஏத்தினார்!

கால்குலேட்டரை எடுங்க. 208 என்றால் ஒரு நிமிஷத்துக்கு 208 தட்டு. ஒரு தட்டுக்கு நாலு நோட்டு. 208-ஐ நாலால் பெருக்கி 60-ஆல் வகுத்தால், விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 நோட்டு. 325-க்கு அதே கணக்கைப் போட்டால் 21-ஐயும் தாண்டுது. ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் நடுவில் வெறும் 46 மில்லிசெகண்ட்!

ஒப்பிட்டுப் பார்க்க, நம்ம தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வாங்க. ஹையர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 45 வார்த்தை. ஒரு வார்த்தைக்கு அஞ்சு தட்டுனு வச்சா விநாடிக்கு நாலு தட்டுகூட வராது. அதுக்கே நம்மாளுங்க விரல் வலிக்குதுனு டீ பிரேக் கேப்பாங்க!

மணலியில பிள்ளையார் சுழி

'மேற்கத்திய இசையெல்லாம் நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் சமாச்சாரம்ப்பா. நம்ம ஏரியாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?'னு கேக்கறவங்களுக்கு ஒரு சரித்திரச் செய்தி.

சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கிற இதே மணலியின் முதலியார் குடும்பம்தான், 1700-களின் கடைசியில் ராமசாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தது. அவர் மகன் முத்துஸ்வாமி தீட்சிதர், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருத்தர். மணலி முதலியாரோடு புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வந்த தீட்சிதர் சகோதரர்கள், அங்கே ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்டாங்க. விளைவு? அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் வரிகள் எழுதி முத்துஸ்வாமி தீட்சிதர் செய்த நோட்டுஸ்வர சாகித்யங்கள். கிட்டத்தட்ட நாப்பது இருக்கு. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுகூட அதில் ஒண்ணு! தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஒரு படி மேலே போய் வயலினையே கத்துக்கிட்டு கர்னாடக சங்கீதத்துக்குள் கொண்டு வந்துட்டார்.

ஆக, ஃபியூஷன் நம்ம பெல்ட்டுக்குப் புதுசில்ல. இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே பிள்ளையார் சுழி போட்டாச்சு.

விரல்ல தசையே கிடையாது!

இப்போ ஒரு சின்ன லேப். இடது கையால வலது முன்கையைப் பிடிச்சுக்கங்க, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. வலது கை விரல்களை பியானோ வாசிக்கிற மாதிரி ஆட்டுங்க. உள்ளே என்னமோ நெளியுதா? அதுதான் உங்க விரலை மடக்குற, நிமிர்த்துற எஞ்சின்! விரலுக்குள் அதை அசைக்கிற தசை கிடையாது. முன்கையில் இருக்கிற தசைகள் நீளமான தசைநாண்கள் வழியா, பொம்மலாட்டக் கயிறு மாதிரி விரலை இழுக்குது. உள்ளங்கையில் இருக்கிற சின்னச் சின்ன தசைகள் கூடமாட உதவி பண்ணுது. அவ்வளவுதான்.

அதனால 'விரலை பலமாக்கணும்'னு ரப்பர் பந்தை நசுக்கிக்கிட்டு இருக்கிற நண்பர்களே... வேகத்துக்கு அது வழி இல்ல. ஒரு கீயை அழுத்த சுமார் 50 கிராம் எடை போதும். அந்த பலம் நம்ம எல்லோர்கிட்டயும் இருக்கு. பிரச்னை பலத்தில் இல்ல, அழுத்தின அடுத்த கணம் அந்தத் தசையைத் தளர்த்துறதுலதான். மடக்குற தசையும் நிமிர்த்துற தசையும் ஒரே நேரத்துல இறுகினா என்ன ஆகும்? பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிச்ச மாதிரி! வண்டி உறுமும், நகராது.

அடுத்த சோதனை. கையை மேஜை மேல வச்சு, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கங்க. மத்த விரல் நுனிகள் மேஜையைத் தொடட்டும். இப்போ ஒவ்வொரு விரலா தூக்குங்க. கட்டைவிரல் ஓ.கே., ஆள்காட்டி விரல் ஓ.கே., சுண்டு விரலும் ஓ.கே. மோதிர விரல்? பசை போட்டு ஒட்டின மாதிரி அப்படியே கிடக்கும்!

காரணம் இருக்கு. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நிமிர்த்துறதுக்குனே தனியா ஒரு தசை எக்ஸ்ட்ரா இருக்கு. மோதிர விரலுக்கு அப்படி இல்ல. அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு குறுக்கே இணைஞ்சும் இருக்கு. நடுவிரல் மடங்கியிருந்தா அது மோதிர விரலையும் சேர்த்துக் கட்டிப் போட்டுடும். பியானோ பாஷையில் இதுதான் 4-ம் நம்பர் விரல் (கட்டைவிரல் 1, சுண்டு விரல் 5). உலகம் முழுக்க பியானோ மாணவர்கள் திட்டித் தீர்க்கிற விரலும் இதுதான்.

போலந்து மேதை ஷோப்பான் இதுக்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தார். எல்லா விரலையும் ஒரே மாதிரி ஆக்குறேன்னு மல்லுக்கட்டாதே, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குணம் இருக்கு, அதை அப்படியே பயன்படுத்துங்கிறது அவர் கட்சி. மாணவர்களுக்கு முதலில் வெள்ளைக் கட்டைகள் மட்டும் இருக்கிற சி மேஜரைச் சொல்லித் தரமாட்டார். கறுப்புக் கட்டைகள் நிறைந்த பி மேஜரில்தான் ஆரம்பிப்பார். நீளமான மூணு விரல்களும் கறுப்புக் கட்டை மேல, குட்டையான கட்டைவிரலும் சுண்டு விரலும் வெள்ளைக் கட்டை மேல. கை தானாகவே அதில் போய் உக்காந்துக்கும். நாம ஈஸினு நினைக்கிற சி மேஜர், கையைப் பொறுத்தவரை கஷ்டமான ஸ்கேல். பார்க்க ஈஸி, வாசிக்க கஷ்டம்!

மூளையில ஒரு பஃபர்

கண்ணால் ஒண்ணைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைய சுமார் 200 மில்லிசெகண்ட் ஆகும். ஆனா 208 வேகத்தில் ஒரு நோட்டுக்கு இருக்கிற நேரமே 72 மில்லிசெகண்ட்தான். அப்போ ஒவ்வொரு நோட்டா யோசிச்சு, சரியா விழுந்துச்சானு செக் பண்ணி, அடுத்ததுக்குப் போறது நடக்கிற காரியமா? சான்ஸே இல்ல.

இந்தக் கேள்வியை 1951-ல் எழுப்பியவர் அமெரிக்க நரம்பு உளவியலாளர் கார்ல் லாஷ்லி. வேகமான பியானோ வாசிப்பையே உதாரணமாக எடுத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: ஒரு அசைவு முடிஞ்ச தகவல் மூளைக்குப் போய், அது அடுத்த அசைவைக் கிளப்பறதுக்கு நேரமே கிடையாது. மூளை முன்கூட்டியே ஒரு முழு வரிசையையும் தயார் பண்ணி வச்சு மொத்தமா அனுப்புது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒவ்வொரு பைட்டா அனுப்பாம ஒரு பாக்கெட்டா அனுப்புற கதை. நீங்க உங்க செல்போன் நம்பரை ஒப்பிக்கும்போது ஒவ்வொரு இலக்கமா யோசிக்கறதில்லையே? அதே மாதிரிதான். வேகமா வாசிக்கிறவங்க அதிக நோட்டுகளை யோசிக்கறதில்ல, கம்மியான பாக்கெட்டுகளை யோசிக்கிறாங்க. வேகம்ங்கிறது பாக்கெட்டை எவ்வளவு பெருசா, எவ்வளவு பிழையில்லாம கட்டி வச்சிருக்கோம்ங்கிறதுல இருக்கு.

இங்கேதான் ஆபத்தும். தப்பான விரலோட, தடுமாற்றத்தோட நூறு தடவை வாசிச்சா மூளை அந்தத் தப்பையும் சேர்த்தே பாக்கெட் கட்டிடும். அப்புறம் அதைப் பிரிச்சுக் கட்டுறது டபுள் வேலை.

கட்டைக்குள்ள என்ன நடக்குது?

நிஜ பியானோவில் கீயை அழுத்தினா ஒரு சுத்தியல் எகிறிப் போய் கம்பியை அடிச்சிட்டுத் திரும்பும். கீ இறங்குற ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். கீ அடியில் போய் முட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே சுத்தியல் விடுபட்டுப் போயிடும். அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு அழுத்தினாலும் சத்தத்தில் ஒரு மாத்தமும் வராது. அதாவது அடியில் போய் அழுத்திப் பிடிக்கிற பலம் மொத்தமும் வேஸ்ட். வலி மட்டும் மிச்சம்.

பழைய பியானோக்களில் கீ முழுசா மேலே வந்தாத்தான் மறுபடி அடிக்க முடியும். 1821-ல் செபாஸ்டியன் எரார் என்பவர் கொண்டு வந்த மெக்கானிசம், கீ பாதி தூரம் எழுந்தாலே மறுபடி அடிக்க வழி பண்ணிச்சு. அதன் வாரிசுதான் இன்னிக்கும் கிராண்டு பியானோக்களில் இருக்கு. சுவரோரம் நிற்கிற அப்ரைட் பியானோவில் அது கிடையாது. ஒரே நோட்டைப் படபடனு திரும்பத் திரும்ப அடிக்க கிராண்டு வசதியா இருக்கிற காரணம் இதுதான்.

சரி, நம்ம வீட்டு எலெக்ட்ரானிக் கீபோர்டு? அதில் சுத்தியலே கிடையாது. ஒவ்வொரு கீக்குக் கீழேயும் ரெண்டு ஸ்விட்ச். முதல் ஸ்விட்ச் தொட்டதுக்கும் ரெண்டாவது ஸ்விட்ச் தொட்டதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆச்சுனு அளந்து, அதை 1 முதல் 127 வரை ஒரு நம்பரா மாத்தும். 1983-ல் வந்த மிடி ஏற்பாடு இது. ஆக, நீங்க எவ்வளவு பலமா அடிச்சீங்கனு கீபோர்டுக்குத் தெரியாது, எவ்வளவு சீக்கிரமா இறக்கினீங்கனு மட்டும்தான் தெரியும். சென்சார்ஸ் பேப்பர்ல அஞ்சு மார்க் கேள்விக்கு இதை உதாரணமா எழுதலாம்!

ஸ்பிரிங் வச்ச லேசான கீபோர்டுல பறக்கிற விரல், நிஜ பியானோவில் உக்காந்ததும் சேத்துல நடக்கிற மாதிரி தடுமாறும். பியானோ விலை லட்சங்கள்ல. வாங்கினாலும், கடலுக்குப் பக்கத்துல இருக்கிற நம்ம ஏரியா உப்புக் காத்துக்கும் ஈரப்பதத்துக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும், மரமும் தோல், கம்பளிப் பகுதிகளும் உப்பிக்கும். அதுக்கு நடுவழி, 'வெயிட்டட் கீஸ்' இருக்கிற டிஜிட்டல் பியானோ. அதுவும் கட்டுப்படி ஆகலைனா? 61 கீ போர்டுலயே ஒழுங்கான விரல் வரிசையும் சீரான தாளமும் தாராளமா கத்துக்கலாம். டச் மட்டும் பின்னாடி சேர்த்துக்க வேண்டியது.

மூணு காலம்... நம்ம ஊர் ஃபார்முலா

பியானோ உலகத்தில் வேகப் பயிற்சினாலே ரெண்டு பெயர். பீத்தோவனின் மாணவரும் லிஸ்ட்டின் குருவுமான கார்ல் செர்னி. அவர் எழுதின பயிற்சிப் புத்தகத்தின் பெயரே 'ஸ்கூல் ஆஃப் வெலாசிட்டி'. இன்னொருத்தர் பிரான்ஸின் ஹானோன். 1873-ல் வெளியான அவரோட 60 பயிற்சிகள் இன்னிக்கும் மியூசிக் ஸ்டோர்களில் கிடைக்கும். ஒரே மாதிரியான வரிசையை மேலேயும் கீழேயும் ஏத்தி இறக்கிக்கிட்டே இருக்கணும்.

ஹானோன் தேவையா, இல்லையா? இதுல ஆசிரியர்கள் ரெண்டு கட்சி. 'விரல் சீராகும்'னு ஒரு கட்சி, 'மூளையைக் கழட்டி வச்சிட்டு மெஷின் மாதிரி வாசிக்க வச்சிடும்'னு இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் ஒத்துக்கற விஷயம் ஒண்ணு உண்டு: இறுக்கத்தோட வாசிச்சா எந்தப் பயிற்சியும் உருப்படாது.

ஆனா இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன? பாட்டு கிளாஸ் போன அக்காவைக் கேளுங்க. ஸரளி வரிசையை முதல் காலத்தில் பாடணும். அப்புறம் அதே தாளத்தில் இரட்டிப்பு வேகம், இரண்டாம் காலம். அதுக்கும் இரட்டிப்பு, மூன்றாம் காலம். தாளம் போடற கை ஒரே வேகத்தில் இருக்கும், நோட்டு மட்டும் ரெண்டு மடங்கு, நாலு மடங்கு. மிருதங்கம் கத்துக்கற பசங்களும் பாடக் கையை இதே மாதிரி காலம் காலமாத்தான் ஏத்துவாங்க. முதல் காலம் சுத்தமாகாம குரு அடுத்த காலத்துக்கு விடமாட்டார். மெட்ரோனோமுக்கு மெல்சல் 1815-ல் பேடன்ட் வாங்கினார், நம்ம தொடையில் எப்பவோ மெட்ரோனோம் இருந்திருக்கு!

டைப்ரைட்டிங் கிளாஸும் இதே கதைதான். முதல் நாள் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' அடிக்கச் சொல்லும்போது எல்லோருக்கும் கடுப்பாத்தான் இருக்கும். கீயைப் பார்க்காம, சரியான விரலால, ஒரே சீரா அடிக்கப் பழகினப்புறம்தான் வேகமே வரும்.

விரல்னு வந்தா நம்ம ஏரியாவுக்கு வேற ஒரு பெருமையும் இருக்கு. புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூணு தங்கம் வாங்கினார். அப்பா ஆட்டோ டிரைவர். ஒரு விரல் சுண்டுல எவ்வளவு கணக்கு இருக்குனு வடசென்னைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஸ்பீடு ஏத்த எட்டு வழி

1. தப்பே வராத வேகம் எதுனு முதலில் கண்டுபிடிங்க. மெட்ரோனோம் 60-ல், தட்டுக்கு ஒரு நோட்டா இருந்தாலும் பரவாயில்ல. அதுதான் உங்க ஸ்டார்ட்டிங் பாயின்ட். செல்போனில் இலவச மெட்ரோனோம் ஆப் இருக்கு.

2. விரல் நம்பரை பென்சிலால் எழுதி வைங்க. இன்னிக்கு ஒரு விரல், நாளைக்கு ஒரு விரல்னு மாத்தினா மூளையில பாக்கெட் உருவாகாது. சி மேஜருக்கு வலது கை 1-2-3-1-2-3-4-5. இடது கை 5-4-3-2-1-3-2-1.

3. ஒவ்வொரு கையும் தனியா. ரெண்டு கையும் தனித்தனியா நீங்க விரும்புற வேகத்தைத் தாண்டினப்புறம்தான் ஜோடி சேர்க்கணும்.

4. மூணு தடவை தொடர்ந்து தப்பில்லாம வந்தா நாலு புள்ளி ஏத்துங்க. 60, 64, 68... தப்பு வந்தா ஒரு படி இறங்குங்க. ஈகோ பார்க்கக் கூடாது.

5. சின்னச் சின்ன வெடி. நாலே நாலு நோட்டை எடுத்து முழு வேகத்தில் வாசிச்சு, அஞ்சாவது நோட்டுல நின்னு கையைத் தளர்த்துங்க. அப்புறம் அடுத்த நாலு. கடைசியில் கோத்துடலாம். எவ்வளவுதான் மெதுவா வாசிச்சாலும், வேகமான அசைவு எப்படி இருக்கும்னு கைக்குத் தெரியாமயே போயிடக் கூடாது இல்லையா?

6. தாளத்தை மாத்துங்க. நெடில்-குறில், நெடில்-குறில்னு ஒருமுறை, குறில்-நெடில்னு ஒருமுறை. எந்த இடத்தில் விரல் சறுக்குதுனு பளிச்னு காட்டிக் கொடுத்துடும்.

7. கட்டைவிரல் உள்ளே நுழையற இடத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழறாங்க. கட்டைவிரலை மட்டும் இழுக்காதீங்க. முன்கை மொத்தமும் பக்கவாட்டில் நகரணும். விரலை கீயை விட்டு ரொம்ப உயரத்துக்குத் தூக்காதீங்க. அதிக தூரம்னா அதிக நேரம். சிம்பிள் பிசிக்ஸ்.

8. தூங்குங்க! 2002-ல் வந்த ஒரு ஆய்வில், விரல் தட்டும் வரிசை ஒண்ணைப் பழகிட்டுத் தூங்கி எழுந்தவங்களுக்கு, கூடுதல் பயிற்சி இல்லாமலே வேகம் சுமார் 20 சதவிகிதம் கூடியிருந்தது. அதே அளவு நேரம் முழிச்சிருந்தவங்களுக்கு அந்த முன்னேற்றம் இல்ல. நைட் அவுட் போட்டு பிராக்டிஸ் பண்ற புண்ணியவான்கள் கவனிக்க.

மெஷின் மேல ஆசை

குறுக்கு வழி தேடறது நம்ம தலைமுறையோட கண்டுபிடிப்பு இல்ல. 1814-ல் லோஜியர் என்பவர், கையை ஒரு சட்டத்துக்குள் வச்சு நேராக்கும் 'கைரோபிளாஸ்ட்' கருவிக்குப் பேடன்ட் எடுத்தார். 1830-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் ஷூமன்னு ஒரு இளைஞர். பெரிய பியானிஸ்ட் ஆகணும்னு வெறி. விரலை பலப்படுத்த ஒரு கருவியைப் பயன்படுத்தினார், அதனாலதான் கை போச்சுனு ஒரு கதை ரொம்ப காலமா உண்டு. காரணம் கருவியா, வேறயானு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறாங்க. ஆனா முடிவு உறுதி: வலது கை விரல் சொன்ன பேச்சைக் கேக்கலை. மேடைக் கனவு முடிஞ்சு போச்சு. அப்போ அவருக்கு வயசு 21, 22. கிட்டத்தட்ட நம்ம வயசு. அதுக்கப்புறம் அவர் இசையமைப்பாளராகி அழியாப் புகழ் பெற்றது வேற விஷயம்.

இப்போ லேட்டஸ்ட் நியூஸுக்கு வாங்க. 2025 ஜனவரியில் 'சயின்ஸ் ரோபாட்டிக்ஸ்' இதழில் ஜப்பானின் ஷினிச்சி ஃபுரூயா குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. வருஷக்கணக்கா பயிற்சி செஞ்சு, இனி ஏறவே ஏறாதுங்கிற வேகத்தில் நிக்கிற பியானோ கலைஞர்கள். அவங்க வலது கையில் ஒரு ரோபோ கையுறை. அது ஒவ்வொரு விரலையும் தனித்தனியா, அவங்களால் தானா அசைக்க முடியாத வேகத்தில், சிக்கலான வரிசையில் அசைச்சது. அரை மணி நேரம்தான். கழட்டிட்டு வாசிச்சா, வேகம் கூடியிருந்தது! இன்னும் ஆச்சர்யம், கருவியே மாட்டாத இடது கைக்கும் முன்னேற்றம் வந்திருந்தது. அப்படின்னா மாறினது தசை மட்டுமில்ல, மூளையும்தான்.

மெக்கானிக்கல், மெக்கட்ரானிக்ஸ், பயோமெடிக்கல் ஆளுங்களே... ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஐடியா தேடிக்கிட்டு இருந்தா, இதோ ஒண்ணு. ஆனா ஒரு கண்டிஷன். விரலைக் கட்டாயமா அசைக்கிற எதையும் மருத்துவர் மேற்பார்வை இல்லாம உங்க ரூம்மேட் கையில டெஸ்ட் பண்ணிடாதீங்க!

கை போனா?

வேகத்துக்குப் பின்னாடி ஓடுறதுல ஒரு விலை இருக்கு. அமெரிக்க பியானோ மேதை லியான் ஃப்ளெய்ஷர், 1960-களின் நடுவில், முப்பத்தாறு வயசுல, புகழின் உச்சியில் இருந்தப்போ வலது கையின் 4-ம், 5-ம் விரல்கள் தானா உள்நோக்கிச் சுருள ஆரம்பிச்சது. 'ஃபோகல் டிஸ்டோனியா'. வலி இல்ல, வீக்கம் இல்ல. மூளை அனுப்பற கட்டளையே குழம்பிப் போற நோய். தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூத்துல ஒருத்தரை இது தாக்குறதா கணக்கு. ஃப்ளெய்ஷர் முப்பது வருஷத்துக்கு மேல இடது கைக்குனு எழுதப்பட்ட இசையை வாசிச்சும், கத்துக் கொடுத்தும், ஆர்கெஸ்ட்ரா நடத்தியும் காலம் தள்ளினார். சிகிச்சைக்குப் பிறகு 2004-ல் வந்த அவர் ஆல்பத்தின் பெயர் 'டூ ஹேண்ட்ஸ்'. ரெண்டு கை! 2020-ல் காலமானார்.

டிஸ்டோனியா அரிது. ஆனா தசைநாண் வீக்கம், மணிக்கட்டு நரம்பு அழுந்தறதெல்லாம் அரிதே இல்ல. நம்ம கேஸில் இது இன்னும் சீரியஸ். யோசிச்சுப் பாருங்க... நம்ம பெல்ட்டில் கையை நம்பித்தான் முக்கால்வாசி குடும்பங்களில் அடுப்பு எரியுது. லேத், வெல்டிங், துறைமுக லோடு, காசிமேட்டில் வலை பின்னுற வேலை. பகல்ல ஒர்க்‌ஷாப்பில் ஃபைல் போட்டுட்டு, சாயங்காலம் பைக் கிளட்ச்சைப் பிடிச்சு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல ஊர்ந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி செல்போன்ல கட்டைவிரலைத் தேய்ச்சுட்டு, கடைசியில் அதே கையால ரெண்டு மணி நேரம் கீபோர்டு. எல்லாத்துக்கும் ஒரே தசைநாண்தான், ஸ்பேர் பார்ட் கிடைக்காது.

அதனால சில விஷயங்கள் கட்டாயம். இருபது, இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு உதறுங்க. முழங்கை, கீ மட்டத்துக்கு வர மாதிரி உக்காருங்க. கட்டில் மேல சம்மணம் போட்டுக்கிட்டு மடியில கீபோர்டை வச்சா மணிக்கட்டு மடங்கிடும். தோள் காதை நோக்கி ஏறுதானு கவனிங்க. வாசிக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா, இறுக்கம் வந்துடுச்சுனு அர்த்தம். களைப்பு வேற, வலி வேற. வலி, மரத்துப் போறது, ஊசி குத்தற உணர்வு... இதுல எது வந்தாலும் அப்பவே நிறுத்தணும். ரெண்டு நாள் ஓய்வுக்கும் அடங்கலைனா டாக்டர்கிட்ட போங்க. 'வலியைத் தாண்டி வாசி'னு யாராவது அட்வைஸ் பண்ணா, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு எஸ்கேப் ஆகிடுங்க.

மெட்ரோவில் ஒரு பியானோ

'ஹாஸ்டல்ல இருக்கேன்', 'ஒரே ரூம் வீடு, தம்பி படிக்கணும்', 'பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாங்க'... கீபோர்டு வாசிக்க முடியாத காரணங்கள் நியாயமானவைதான். அதுக்கும் வழி இருக்கு.

விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி உக்காருங்க. மடியில பேக். அதுதான் உங்க பியானோ. விரல் வரிசையை அதன் மேல சத்தமில்லாம தட்டுங்க. மனசுக்குள் நோட்டுகளைப் பாடுங்க. காலடிப்பேட்டை வர்றதுக்குள்ள ஒரு ஸ்கேலை நாலு தடவை முடிச்சிடலாம். வேகம்ங்கிறது மூளை கட்டுற பாக்கெட்னு பார்த்தோம் இல்லையா? பாக்கெட் கட்ட சத்தம் தேவையில்ல. வீட்ல இருந்தா ஹெட்போன் இருக்கவே இருக்கு.

கிரேடு பரீட்சை எழுத நினைக்கிறவங்களுக்கு, டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகள் சென்னையிலேயே நடக்குது. 1842-ல் தொடங்கி அண்ணா சாலையில் இருக்கிற மியூசி மியூசிக்கலுக்கும் அந்தத் தேர்வுகளுக்கும் நூறு வருஷத்துக்கு மேல தொடர்பு உண்டு. கிரேடு ஏற ஏற, ஸ்கேல்களுக்குச் சொல்லியிருக்கிற குறைந்தபட்ச வேகமும் ஏறும். ஆனா அந்த வேகத்தை எட்டுறதோட வேலை முடியாது. ஒவ்வொரு நோட்டும் ஒரே அளவா, ஒரே சீரா இருக்கணும். தடதடனு வாசிச்சு நடுவுல மூணு நோட்டை முழுங்கினா, வேகமா வாசிச்சதா அர்த்தம் இல்ல... சீக்கிரமா தப்பு பண்ணதா அர்த்தம்!

இன்னொண்ணையும் காதுல போட்டுக்கங்க. லிடியன் 325-ல் வாசிச்சது கின்னஸ் கணக்கா மட்டும் இருந்திருந்தா ஒரு வாரத்துல மறந்திருப்போம். அதுல வண்டு பறந்துச்சு. அதனாலதான் ஞாபகம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மெதுவான ஒரு கீர்த்தனைக்கு நாலே நாலு கார்டு பிடிச்சாலும், அழுகிறவங்களுக்குத் தோள் கொடுக்கிற மாதிரி வாசிக்கிற அண்ணன்கள் நம்ம தெருக்களில் இருக்காங்க. வேகம் ஒரு கருவி. அது கையில இருந்தா, எங்க மெதுவா போகணும்னு முடிவு பண்ற சுதந்திரம் கிடைக்கும்.

அப்புறம் என்ன... பீரோ மேல இருக்கிற அந்த உறையை இறக்கி தூசி தட்டுங்க. மெட்ரோனோம் 60. வலது கை. கட்டைவிரல் சி-யில. தோளைத் தளர்த்துங்க... ஸ்டார்ட் மியூசிக்!